இரண்டு வேளைக்கு மாத்திரை

ஆம்பூரில் சளி மாத்திரை அதிகம் விற்பது காலை ஏழரைக்கும் எட்டேகாலுக்கும் நடுவில். பேரணாம்பட்டு, குடியாத்தம், மாதனூர், நாட்றம்பள்ளிப் பக்கமிருந்து வருகிற ஷூ கம்பெனி பஸ்களும் வேன்களும் எங்கள் கடையைத் தாண்டிப் போகும் நேரம் அது. டிரைவர் ஒரு நிமிஷம் ஓரங்கட்டுவார். கழுத்தில் ஐடி கார்டு, கையில் சாப்பாட்டுப் பையோடு இரண்டு மூன்று பெண்கள் இறங்கி ஓடி வருவார்கள். "அண்ணா, சளி, தலைவலி. ரெண்டு வேளைக்குக் குடுண்ணா. தூக்கம் வராததா குடு." சொல்லி முடிப்பதற்குள் காசு கண்ணாடி மேல் இருக்கும், பஸ் ஹாரன் அடிக்கும்.

இரண்டு வேளை என்ற கணக்கு எங்கிருந்து வருகிறது என்று எனக்கு முதலில் விளங்கவில்லை. எந்தச் சளியும் இரண்டு வேளையில் போவதில்லை. பிறகுதான் புரிந்தது. இப்போது ஒன்று, மத்தியானம் சாப்பிட்டதும் ஒன்று. ஷிப்ட் முடிகிறவரை தாங்க வேண்டும், அவ்வளவுதான். லீவு போட்டால் அன்றைய சம்பளம் போகும். மாதம் முழுக்க லீவு போடாமல் வந்ததற்கு என்று கொடுக்கிற தொகையும் சேர்ந்து போகும். ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, மேல்விஷாரம், ராணிப்பேட்டை என்று தோலை நம்பிப் பிழைக்கிற இந்த ஊர்களில் சளி மாத்திரையை ஜனங்கள் வேலைக்குப் போவதற்காக வாங்குகிறார்கள். இதை மனதில் வைத்துக்கொள்ளாமல் இங்கே யாருக்கும் மருந்தைப் பற்றி புத்தி சொல்ல முடியாது.

டி.பார்ம் முடித்த கையோடு நான் வேலைக்குச் சேர்ந்தது வாணியம்பாடியில் ஒரு பாய் கடையில். அப்போது இந்தப் பக்கத்துக் கடைகள் பலவற்றில் 'செட்' என்று ஒன்று தாராளமாக நடந்துகொண்டிருந்தது. இன்றும் முழுசாக ஒழிந்துவிடவில்லை. காய்ச்சலுக்கு ஒரு வெள்ளை மாத்திரை, சளிக்கு ஒரு மஞ்சள் மாத்திரை, உடம்பு வலிக்கு ஒன்று, ஒரு ஆன்டிபயாடிக் கேப்சூல், 'பவருக்கு' என்று மிளகு அளவில் ஒரு ஸ்டீராய்டு. எல்லாவற்றையும் அட்டையிலிருந்து உதிர்த்து, சின்னப் பேப்பர் கவரில் போட்டு மடித்து, வேளைக்கு ஒரு பொட்டலமாகக் கொடுப்பார்கள். பாய் அதைத் தொடவே மாட்டார். "அட்டையில பேரு இருக்கு, தேதி இருக்கு. கவர்ல கொட்டிட்டா ரெண்டும் போச்சு. நாளைக்கு ஆஸ்பத்திரியில டாக்டர் 'என்ன சாப்ட்டே'ன்னு கேட்டா அந்தப் பொண்ணு என்னத்தச் சொல்லும்?" என்பார். இரண்டே மாத்திரை கேட்டாலும் அட்டையோடு கத்தரித்துத்தான் தருவார். காலாவதித் தேதி அச்சிட்ட ஓரத்தைக் கடைசிவரை வெட்ட விடமாட்டார். நான் இந்தத் தொழிலில் கற்றதில் பாதி அந்தக் கத்தரிக்கோலில் கற்றது.

செட்டில் இருக்கும் ஸ்டீராய்டுதான் மக்களை மறுபடி மறுபடி வரவைக்கிறது. டெக்சாமெத்தசோன் உள்ளே போனால் உடம்பு வலி, காய்ச்சல் எல்லாம் சில மணி நேரத்தில் அடங்கும். "அந்தக் கடை மாத்திரைதான் கேக்குது" என்று பெயர் பரவும். அடங்கியது அறிகுறிதான். கிருமி உள்ளேயே இருக்கும், உடம்பின் எதிர்ப்புச் சக்தி வேறு குறைந்திருக்கும். சர்க்கரை நோயாளி என்றால் சர்க்கரை சரசரவென்று ஏறும். ஆன்டிபயாடிக்கைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். சளியும் ஃபுளூவும் வைரஸால் வருபவை. ஆன்டிபயாடிக் வைரஸைத் தொடாது. மூன்று நாளைக்கு அசித்ரோமைசின் வாங்கிப் போட்டுச் சளி போய்விட்டது என்பவர்களிடம் நான் சொல்வது ஒன்றுதான்: போடாமல் இருந்திருந்தாலும் அது அதே நாளில்தான் போயிருக்கும்.

ஆனால் செட்டைவிட நான் அதிகம் கவலைப்படுவது முறையாக அட்டையில் விற்கிற சாதாரண மாத்திரைகளைப் பற்றித்தான்.

சளிக்கென்று வருகிற கூட்டு மாத்திரை எந்தப் பெயரில் வந்தாலும் உள்ளே பெரும்பாலும் மூன்று சரக்கு. காய்ச்சலுக்கும் வலிக்கும் பாராசிட்டமால். தும்மலையும் மூக்கொழுகலையும் நிறுத்த குளோர்பெனிரமின் அல்லது செட்டிரிசின். மூக்கடைப்புக்கு பினைலெப்ரின். சிலவற்றில் தூக்கத்தை ஈடுகட்டக் கொஞ்சம் காபின். முன்பக்கம் பெரிய எழுத்தில் பிராண்டு பெயர் இருக்கும். உள்ளே இருப்பது என்ன என்பது பின்பக்கம் பொடி எழுத்தில், ஆங்கிலத்தில் இருக்கும். வாங்குகிறவர் பிராண்டைத்தான் அறிவார். காய்ச்சலுக்கு டோலோ, சளிக்கு ஒரு கூட்டு மாத்திரை, உடம்பு வலிக்கு இன்னொன்று என்று மூன்றும் வேறு வேறு மருந்து என்ற நினைப்பில் சாப்பிடுவார். மூன்றிலும் பாராசிட்டமால் இருக்கிறது.

கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். 650 மில்லிகிராம் மாத்திரை மூன்று வேளை: 1,950. கூட்டு மாத்திரையில் 500 வீதம் மூன்று வேளை: 1,500. அசிக்ளோபினாக்கோடு சேர்ந்து வருகிற வலி மாத்திரையில் 325 வீதம் இரண்டு வேளை: 650. மொத்தம் 4,100 மில்லிகிராம். திடகாத்திரமான பெரியவருக்கே ஒரு நாளைக்கு 4,000க்கு மேல் கூடாது. எந்த மாத்திரையையும் அளவுக்கு மீறிப் போட்டுக்கொள்ளாமலே ஒருவர் எல்லையைத் தாண்டிவிட்டார். குடிப்பழக்கமோ கல்லீரல் கோளாறோ உள்ளவர்களுக்கு மருத்துவர்கள் இந்த உச்ச வரம்பை 2,000 வரைகூடக் குறைப்பார்கள். டேனரியில் டிரம் ஓட்டிவிட்டு, சுண்ணாம்புத் தொட்டியில் ஈரத்தோலைப் புரட்டிவிட்டு, உடம்பு வலிக்குச் சாயங்காலம் ஒரு குவார்ட்டர் அடிக்கிறவர்கள் இங்கே எத்தனையோ பேர். அதே வலிக்கு அவர்கள் கையில் பாராசிட்டமாலும் இருக்கும்.

கல்லீரல் பாராசிட்டமாலின் பெரும்பகுதியைத் தீங்கில்லாமல் கழித்துவிடும். ஒரு சிறு பகுதி மட்டும் நஞ்சாக மாறும். அதை முறிக்க குளுட்டாதயோன் என்ற பொருளைக் கல்லீரல் கைவசம் வைத்திருக்கிறது. அளவு மீறும்போது அது தீர்ந்துபோய், நஞ்சு கல்லீரல் செல்களையே அரிக்கத் தொடங்கும். முதல் நாள் வெளியே ஒன்றும் தெரியாது என்பதுதான் இதில் கொடுமை. கொஞ்சம் குமட்டும், சோர்வாக இருக்கும். சளியென்றால் அப்படித்தான் என்று விட்டுவிடுவார்கள். மஞ்சள் காமாலை கண்ணில் தெரிவதற்குள் இரண்டு மூன்று நாள் ஓடியிருக்கும். இதற்கு முறிமருந்து உண்டு, அசிட்டைல்சிஸ்டீன் என்று பெயர். அளவுக்கு மீறிப் போட்டு எட்டு மணி நேரத்துக்குள் அதைக் கொடுத்தால் கல்லீரல் ஏறக்குறைய முழுசாகப் பிழைக்கும். அதனால் சந்தேகம் வந்த உடனே, வாந்தி வரட்டும் என்று காத்திருக்காமல், சாப்பிட்ட எல்லா அட்டைகளையும் கையில் எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

என் கடையில் இதற்கு ஒரு வழக்கம் வைத்திருக்கிறேன். சளி மாத்திரை கேட்டால் "வேற என்ன மாத்திரை போட்டீங்க?" என்று கேட்பேன். "டோலோ போட்டேன்" என்றால் கூட்டு மாத்திரை கிடையாது. மூக்கு மட்டும் ஒழுகுகிறதா, அதற்கு மட்டும் மருந்து. காய்ச்சல் மட்டும் என்றால் பாராசிட்டமால் மட்டும். இரண்டுக்குமான மாத்திரையை ஒன்றாக வாங்குவதைவிடத் தனித்தனியாக வாங்கினால் எதை எப்போது நிறுத்துவது என்பது கையில் இருக்கும். மூன்றாம் நாள் காய்ச்சல் நின்றிருக்கும், மூக்கு ஒழுகிக்கொண்டிருக்கும். கூட்டு மாத்திரை சாப்பிடுகிறவர் அப்போதும் தேவையில்லாமல் பாராசிட்டமாலை விழுங்கிக்கொண்டிருப்பார்.

தூக்கத்தைப் பற்றிப் பெண்கள் கேட்பது சரியான கேள்வி. குளோர்பெனிரமின் பழைய மருந்து, மூளைக்குள் போகும், கண்ணைச் செருகவைக்கும். இரவு போட்டதன் மந்தம் மறுநாள் காலையிலும் இருக்கும். செட்டிரிசின் அதைவிடப் பரவாயில்லை. ஆனாலும் சிலருக்கு நன்றாகவே தூக்கம் வரும். வேறு ஊரில் ஆபீசில் உட்கார்ந்திருக்கிறவர் மேஜை மேல் தலை சாய்த்துக்கொள்ளலாம். இங்கே கிளிக்கிங் பிரஸ் இருக்கிறது. தோலை விரித்து, மேலே கத்தி அச்சை வைத்து, பிரஸ் இறங்கினால் ஷூவின் மேல்பகுதித் துண்டு வெட்டி விழும். விரல் எங்கே இருக்கிறது என்ற கவனம் ஒரு நொடி தவறக் கூடாது. டேனரியில் ஷேவிங், ஸ்பிளிட்டிங் மெஷின்களின் உருளைகள் இருக்கின்றன. நெடுஞ்சாலையில் தோல் லோடு ஏற்றி ராத்திரி சென்னைத் துறைமுகத்துக்குப் போகிற டிரைவர்கள் இருக்கிறார்கள். எனவே என் இரண்டாவது கேள்வி, "எந்த செக்‌ஷன்ல வேலை?" பிரஸ்ஸில் நிற்கிறவருக்குக் காலையில் குளோர்பெனிரமின் தரமாட்டேன். "ராத்திரி படுக்கப் போறப்ப ஒண்ணு போட்டுக்கோங்க. பகலுக்கு ஒழுகினா ஒழுகட்டும், கர்சீப் வச்சுத் துடைங்க" என்பேன். சிலர் கோபித்துக்கொண்டு அடுத்த கடைக்குப் போவார்கள். போகட்டும்.

வயசானவர்களிடம் கேட்க வேண்டியது வேறு. ஒருமுறை ஓய்வுபெற்ற டேனரி மேஸ்திரி ஒருவரை அவர் மகன் ஆட்டோவில் அழைத்துவந்தார். பெட்டிக் கடையில் வாங்கிய சளி மாத்திரையை இரண்டு நாள் போட்டிருக்கிறார். முந்தின ராத்திரியிலிருந்து மூத்திரம் இறங்கவில்லை, அடிவயிறு கல்லாக இருந்தது. ஏற்கெனவே புராஸ்டேட் வீக்கம் உள்ளவர். மூக்கை உலரவைக்கிற குளோர்பெனிரமின் மூத்திரப்பையின் தசையையும் தளரவைக்கும்; மூக்கடைப்புக்கான பினைலெப்ரின் வெளியேறும் வழியை இறுக்கும். நான் மாத்திரை எதுவும் தரவில்லை. நேராக ஆஸ்பத்திரிக்கு அனுப்பினேன். டியூப் போட்டு எடுத்ததும் சரியானார். பினைலெப்ரின் ரத்த அழுத்தத்தையும் ஏற்றக்கூடும். கண் அழுத்த நோய் உள்ளவர்களுக்கு இந்த மாத்திரைகளே ஆகாது. பிபி மாத்திரை சாப்பிடுகிறீர்களா, மூத்திரம் போகச் சிரமம் உண்டா என்று கேட்க அரை நிமிஷம்கூட ஆகாது.

இவ்வளவு தொந்தரவு தருகிற பினைலெப்ரின் மூக்கடைப்பைத் திறக்கிறதா என்றால், வாய்வழியாகப் போடும்போது அதனால் பலன் இல்லை என்று 2023 செப்டம்பரில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பின் நிபுணர் குழு ஒருமனதாகச் சொல்லிவிட்டது. குடலும் கல்லீரலுமே அதன் பெரும்பகுதியைச் சிதைத்துவிடுகின்றன. மூக்குக்குப் போய்ச் சேருவது சொற்பம். இந்த இடத்தில் முன்பு இருந்தது பினைல்புரோபனோலமைன். மூளையில் ரத்தக் கசிவு வரக்கூடும் என்று தெரிந்ததும் 2000இல் அமெரிக்காவில் அதை எடுக்கச் சொன்னார்கள். இந்தியாவில் 2011 பிப்ரவரியில்தான் தடை வந்தது. அதே அறிவிப்பில்தான் பன்னிரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு நிமசுலைடு கொடுப்பதும் தடை செய்யப்பட்டது. அந்தத் தடைக்கு முன்பு காய்ச்சல் குழந்தைகளுக்கு நிமசுலைடு சிரப் எவ்வளவு சகஜமாகப் போனது என்பது எங்கள் தொழிலில் பழையவர்களுக்குத் தெரியும். 2024 ஆகஸ்டில் மத்திய அரசு 156 கூட்டு மருந்துகளைத் தடை செய்தபோது அந்தப் பட்டியலிலும் சளி மாத்திரைச் சேர்க்கைகள் இருந்தன.

மூக்கடைப்புக்குச் சொட்டு மருந்து உடனே கேட்கும். ஆனால் ஆக்சிமெட்டசோலின், சைலோமெட்டசோலின் வகையை ஐந்து நாளுக்கு மேல் விட்டால் மூக்கு அதற்கே அடிமையாகும். மருந்து தீர்ந்ததும் முன்னைவிட மோசமாக அடைக்கும். வெறும் உப்பு நீர்ச் சொட்டு எத்தனை நாளும் விடலாம். விலையும் குறைவு.

வாரா வாரம் செட்டிரிசின் வாங்குகிற ஒரு தம்பி இருந்தார். டேனரியில் பஃபிங் செக்‌ஷன். தோலின் உள்பக்கத்தைத் தேய்த்து மென்மையாக்குகிற இடம், தூசி மாவு மாதிரி பறக்கும். ஞாயிற்றுக்கிழமை எப்படி இருக்கிறது என்று கேட்டேன். "ஞாயித்துக்கெழம ஒண்ணும் இல்லண்ணா, திங்கக்கெழம மத்தியானம் ஆரம்பிச்சிடும்" என்றார். அப்படி ஒரு சளி உலகத்தில் கிடையாது. பஃபிங் தூசி, ஃபினிஷிங்கில் அடிக்கிற ஸ்பிரே, ஷூ கம்பெனியில் அடிப்பகுதி ஒட்டுகிற சொல்யூஷன், இவையெல்லாம் மூக்கையும் நுரையீரலையும் உறுத்துபவை. மாத்திரையால் அந்த எச்சரிக்கையை அமுக்கிக்கொண்டே வேலை செய்தால் இழுப்பில் போய் நிற்கும். அவரை இஎஸ்ஐ டிஸ்பென்சரிக்குப் போகச் சொன்னேன். எந்த செக்‌ஷனில் வேலை என்பதை டாக்டரிடம் முதலில் சொல்லச் சொன்னேன். மூக்கில் கட்டுகிற கர்சீப் இந்தப் பொடித்தூசியைத் தடுக்காது. முகத்தோடு ஒட்டி நிற்கிற மாஸ்க் வேண்டும். இருமலுக்கும் இதே போல ஒரு கணக்கு உண்டு. இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் என்றால் நான் சிரப் தருவதில்லை. அரசு ஆஸ்பத்திரியில் சளிப் பரிசோதனை இலவசம். காசநோயை இருமல் மருந்தால் மறைத்து வைத்தால் நோயாளியும் கெட்டு, நெருக்கமாக உட்கார்ந்து தைக்கிற மொத்த வரிசைக்கும் அது பரவும்.

ஐப்பசி, கார்த்திகை வந்தால் இங்கே ஃபுளூவும் டெங்குவும் ஒன்றாக வரும். முதல் இரண்டு நாளில் எது எதுவென்று பார்த்துச் சொல்ல முடியாது. உடம்பெல்லாம் அடித்துப்போட்ட மாதிரி வலிக்கும். "டோலோ கேக்கல, பவரா குடுங்க" என்று டைக்ளோபினாக், ஐபுப்ரோபென் கேட்டு நிற்பார்கள். டெங்குவாக இருந்தால் தட்டணுக்கள் குறையும் நேரத்தில் இந்த வலி மாத்திரைகளும் ஆஸ்பிரினும் ரத்தக் கசிவைக் கூட்டும். மழைக்காலக் காய்ச்சலுக்குப் பாராசிட்டமால், தண்ணீர், ஓஆர்எஸ், இவை தவிர வேறெதுவும் என் கையால் போகாது. டெங்குவில் ஆபத்தான கட்டம் காய்ச்சல் விடுகிற சமயத்தில்தான் தொடங்கும். கடும் வயிற்றுவலி, நிற்காத வாந்தி, ஈறிலோ மூக்கிலோ ரத்தம், எழுந்திருக்க முடியாத அசதி, இவற்றை அப்போதுதான் பார்க்க வேண்டும். இங்கேயோ காய்ச்சல் விட்டது என்று அதே நாள் காலையில் பஸ் ஏறிவிடுகிறார்கள். நாலாம் நாள் வேலைக்குப் போய், மெஷினிலேயே மயங்கி விழுந்து, அங்கிருந்து வேலூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகப்பட்ட பெண்ணை எனக்குத் தெரியும். பிழைத்துவிட்டார்.

குழந்தைகளுக்கு வருவோம். தாய் வேலைக்குப் போயிருப்பார், பாட்டி பேரனை இடுப்பில் வைத்துக்கொண்டு வருவார். "ராத்திரி பூரா மூக்கடைப்பு, தூங்கவே இல்ல. எதுனா சிரப் குடுப்பா." சில வீடுகளில் உருதுவில் "ஜுகாம்" என்பார்கள். எந்தப் பாஷையில் கேட்டாலும் நான் முதலில் கேட்பது வயசும் எடையும்.

காய்ச்சலுக்கான பாராசிட்டமாலிலேயே ஒரு பெரிய பொறி இருக்கிறது. சிரப்பில் 5 மில்லியில் 120 மில்லிகிராம் இருக்கும். இன்னொரு வகையில் 5 மில்லியில் 250 இருக்கும். கைக்குழந்தைகளுக்கான சொட்டு மருந்திலோ ஒரே மில்லியில் 100. புட்டி சின்னதாக இருப்பதால் சொட்டு மருந்து லேசானது என்று எல்லோரும் நினைக்கிறார்கள்; சாதாரண சிரப்பைவிட அது நாலு மடங்குக்கு மேல் அடர்த்தி. கிலோவுக்கு 10 முதல் 15 மில்லிகிராம் வரை ஒரு வேளைக்கு என்பது கணக்கு. பத்துக் கிலோ குழந்தைக்கு 120 சிரப் என்றால் 5 மில்லி சரி. அதே 5 மில்லியைச் சொட்டு மருந்துப் புட்டியிலிருந்து பாலாடையில் ஊற்றிக் கொடுத்தால் 500 மில்லிகிராம் உள்ளே போய்விடும். வீட்டு ஸ்பூன்களும் ஒரே அளவில் இருப்பதில்லை. எனவே புட்டியோடு வருகிற அளவு மூடியிலோ ஊசியில்லாத சிரிஞ்சிலோ கோடு போட்டுக் காட்டித்தான் அனுப்புவேன். நாலு மணி நேரத்துக்குள் மறுவேளை கூடாது, ஒரு நாளைக்கு நாலு வேளைக்கு மேலும் கூடாது. மூன்று மாதத்துக்குட்பட்ட குழந்தைக்குக் காய்ச்சல் என்றால் கடையில் மருந்தே கிடையாது, நேராக டாக்டர்தான்.

சளி சிரப்பைப் பொறுத்தவரை எனக்கு இரண்டாவது கருத்தே இல்லை. குளோர்பெனிரமினும் பினைலெப்ரினும் சேர்ந்த மருந்தை நாலு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குக் கொடுக்கக் கூடாது, அந்த எச்சரிக்கையை லேபிளிலேயே அச்சிட வேண்டும் என்று மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு அலுவலகம் 2023 டிசம்பரில் உத்தரவிட்டது. அதற்குப் பிறகும் அந்தச் சேர்க்கை சின்னக் குழந்தைகளுக்குப் போய்க்கொண்டுதான் இருந்தது. எப்படிப் போனது என்பது 2025இல் நாடு முழுக்கத் தெரிந்தது.

எங்கள் ஊர் வழியாகப் போகிற சென்னை-பெங்களூரு நெடுஞ்சாலையிலேயே, காஞ்சிபுரத்தைத் தாண்டி இருக்கிறது சுங்குவார்சத்திரம். அங்கே ஸ்ரீசன் பார்மா என்ற சிறு தொழிற்சாலையில் தயாரான, அதே சேர்க்கை கொண்ட கோல்ட்ரிஃப் சிரப்பைக் குடித்த குழந்தைகள் மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாரா மாவட்டத்தில், பராசியா பகுதியில், செப்டம்பரில் ஒன்றன்பின் ஒன்றாகச் சிறுநீரகம் செயலிழந்து இறக்கத் தொடங்கினார்கள். சாதாரணச் சளி, காய்ச்சலுக்காகக் கொடுத்த மருந்து அது. இருபதுக்கும் மேற்பட்ட குழந்தைகள் போய்விட்டார்கள். அக்டோபர் முதல் தேதி தமிழ்நாட்டில் அதன் விற்பனை நிறுத்தப்பட்டது. மாநில மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை எடுத்துச் சோதித்த எஸ்ஆர்-13 என்ற பேட்ச்சில் டைஎத்திலீன் கிளைக்கால் 48.6 சதவீதம் இருந்தது. அனுமதிக்கப்பட்ட வரம்பு 0.1 சதவீதம். புட்டியில் பாதி நஞ்சு என்று அர்த்தம்.

சிரப்பில் மருந்தைக் கரைக்கவும் இனிப்பான பாகாக வைக்கவும் புரோபிலீன் கிளைக்கால், கிளிசரின் போன்ற திரவங்கள் சேர்ப்பார்கள். மருந்துத் தரத்தில் வாங்கினால் விலை அதிகம். தொழிற்சாலை உபயோகத்துக்கான மலிவுச் சரக்கில் டைஎத்திலீன் கிளைக்கால் கலந்திருக்கும். அதுவும் நிறமில்லாமல் இனிப்பாகத்தான் இருக்கும். நாக்குக்கும் கண்ணுக்கும் வித்தியாசம் தெரியாது, ஆய்வகத்தில் சோதித்தால்தான் தெரியும். சோதிக்காமல் விட்டவர்கள் முன்பும் இருந்தார்கள். 1937இல் அமெரிக்காவில் நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் இதே நஞ்சால் இறந்தார்கள். அங்கே மறு வருஷமே புதுச் சட்டம் வந்தது. 1972இல் நம் சென்னையிலேயே குழந்தைகள் இறந்தார்கள். 1986இல் பம்பாய் ஜே.ஜே. ஆஸ்பத்திரி, 1998இல் குர்கான், 2020இல் ஜம்முவின் ராம்நகர், 2022இல் காம்பியா நாட்டில் எழுபது குழந்தைகள் வரை. ஐம்பது வருஷத்துக்கும் மேலாக ஒரே நஞ்சு, ஒரே வழி. இதை நினைத்தால் எனக்கு இன்றும் கை நடுங்குகிறது. புட்டியைத் தாயின் கையில் கொடுக்கிற கடைசிக் கை எங்களுடையது.

அந்த அக்டோபர் வாரம் கடையில் விற்பனையைவிட விசாரணைதான் அதிகம். தாய்மார்கள் பாதி காலியான புட்டிகளை, வேறு வேறு பெயர்களில், கொண்டுவந்து வைத்தார்கள். ஒவ்வொன்றின் பேட்ச் எண்ணையும் பார்த்துச் சொன்னேன். கூடவே ஒன்றைச் சொல்லிக்கொடுத்தேன்: எந்த மருந்து கொடுத்தாலும் குழந்தை வழக்கம்போல மூத்திரம் போகிறதா என்று பாருங்கள். குறைந்தாலோ நின்றாலோ, கூடவே வாந்தி இருந்தால், அந்தப் புட்டியோடு ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். புட்டியைத் தூக்கி எறியாதீர்கள். பில் இல்லாமல் மருந்து வாங்காதீர்கள். பில்லில் பேட்ச் எண் இருக்கும், ஒரு மருந்தைத் திரும்பப் பெறச் சொன்னால் அதை வைத்துத்தான் கண்டுபிடிக்க முடியும்.

அதே வாரம் மத்திய சுகாதாரத் துறையும் இரண்டு வயதுக்குட்பட்டவர்களுக்கு இருமல், சளி மருந்து எழுதக் கூடாது, ஐந்து வயது வரை பொதுவாகத் தேவையில்லை என்று அறிவுறுத்தியது. அப்படியானால் பாட்டிக்கு என்ன தருவது? உப்பு நீர்ச் சொட்டு தருகிறேன். பால் கொடுப்பதற்குமுன் ஒவ்வொரு மூக்குத் துவாரத்திலும் இரண்டு சொட்டு விட்டால் குழந்தை மூச்சு விட்டுக் குடிக்கும். ஒரு வயது தாண்டியிருந்தால் இருமலுக்குப் படுக்கும் முன் அரை ஸ்பூன் தேன். ஒரு வயதுக்குள் தேன் கூடவே கூடாது. கற்பூரவல்லிச் சாறும் தூதுவளை ரசமும் வளர்ந்த பிள்ளைகளுக்கு இதமாக இருக்கும், நான் தடுப்பதில்லை. ஆனால் தைலத்தை மூக்குக்குள் தடவுவதையும், கற்பூரத்தை எண்ணெயில் காய்ச்சிக் கைக்குழந்தைக்குப் பூசுவதையும் விடச் சொல்லி மன்றாடுகிறேன். கற்பூரம் கொஞ்சம் வயிற்றுக்குள் போனாலும் சின்னக் குழந்தைக்கு வலிப்பு வரும். நெஞ்சு குழி விழ மூச்சு வாங்கினாலோ, பால் குடிக்க மறுத்தாலோ, எதிலும் நேரத்தைப் போக்காமல் 108.

இந்தியச் சட்டத்தில் 'சீட்டில்லாமல் விற்கலாம்' என்று தனியாக வகுத்த மருந்துப் பட்டியல் கிடையாது. அட்டவணை எச், எச்1, எக்ஸ் ஆகியவற்றில் வராதவை தாமாகவே கவுன்டருக்கு வந்துவிடுகின்றன. அட்டையில் சிவப்புக் கோடு இருந்தால் டாக்டர் சீட்டு வேண்டும் என்று அர்த்தம். எச்1 மருந்துகளுக்கு, செஃபிக்சிம் போல, நோயாளி பெயரும் டாக்டர் பெயரும் எழுதி நோட்டை மூன்று வருஷம் வைத்திருக்க வேண்டும். சிவப்புக் கோட்டை வாடிக்கையாளரிடம் காட்டி "இது என்னால முடியாதும்மா" என்று சொல்வது நீண்ட விளக்கத்தைவிட நன்றாக வேலை செய்கிறது.

இவ்வளவும் சொல்லிவிட்டு அந்தக் காலை நேரப் பெண்களிடம் "ரெண்டு நாள் வீட்ல படுங்க, அதுதான் மருந்து" என்று என்னால் சுலபமாகச் சொல்ல முடிவதில்லை. மாதம் 21,000 ரூபாய் வரை சம்பளம் உள்ளவர்களுக்கு இஎஸ்ஐ இருக்கிறது. டாக்டர் சர்ட்டிபிகேட் கொடுத்தால் சம்பளத்தில் 70 சதவீதம், வருஷத்துக்கு 91 நாள் வரை கிடைக்கும். ஆனால் ஒவ்வொரு முறை நோய் வரும்போதும் முதல் இரண்டு நாளுக்குப் பணம் கிடையாது என்பது விதி. பதினைந்து நாளுக்குள் மறுபடி படுத்தால்தான் அந்த இரண்டு நாள் கழிவு இல்லை. சளிக்கும் ஃபுளூவுக்கும் ஓய்வு வேண்டியது அந்த முதல் இரண்டு நாள்தான். அந்த நாட்களில்தான் காய்ச்சல் அடிக்கும், பக்கத்து மெஷினுக்கும் தொற்றும். பெண்கள் என்னிடம் கேட்கிற இரண்டு வேளை மாத்திரை அந்த இரண்டு நாளுக்கானது.

ஒரு ஷூ கம்பெனியின் நலத்துறை அம்மா முதலுதவிப் பெட்டியில் என்னென்ன வைக்கலாம் என்று கேட்டு வந்தார். தெர்மாமீட்டர், 500 மில்லிகிராம் பாராசிட்டமால் அட்டை, ஓஆர்எஸ், உப்பு நீர்ச் சொட்டு, யாருக்கு எப்போது எத்தனை கொடுத்தோம் என்று எழுத ஒரு நோட்டு என்று சொன்னேன். கூட்டு மாத்திரை வேண்டாம் என்றேன். காய்ச்சல் 100 டிகிரியைத் தாண்டினால் அன்றைக்கு வீட்டுக்கு அனுப்புங்கள், லீவு போடாமல் வந்ததற்குக் கொடுக்கிற தொகையை அதற்காக வெட்டாதீர்கள் என்று கேட்டேன். முழு வருஷத்துக்கும் முடியாவிட்டால் ஐப்பசி முதல் மார்கழி வரையாவது செய்யுங்கள் என்றேன். நிர்வாகத்திடம் பேசுவதாகச் சொல்லிவிட்டு, நான் கொடுத்த பட்டியலை வாங்கிக்கொண்டு போனார். மருந்துகளை அடுத்த நாளே வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள். லீவு விஷயத்துக்கு இன்னும் பதில் வரவில்லை. ஒவ்வொரு மாதமும் அவர் மருந்து வாங்க வரும்போது மறுபடி கேட்கிறேன்.